பல்லில் கேட்ட எண்ணிக்கை

இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கிற வயதில் நானும் சிரித்திருக்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள் நான். ஆனால் இதை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதாலும் கேட்கவில்லை. கண்ணும் காதும் ஏமாறும் என்று எனக்கும் தெரியும். இது என் பல்லில் கேட்டது. பல் ஏமாறுமா? அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

என் பெயர் க்ளெம். நாற்பத்தாறு வருஷமாக ஒரே இசைக்குழுவுக்குப் பெட்டி தூக்குகிறேன். குழுவின் பெயர் ஹேவுட். உழவனும் மாலுமியும் பாடின பழைய நாட்டுப் பாட்டுகளை டிரம்மும் மின்சாரக் கித்தாரும் வைத்து அடிக்கிறவர்கள். ஒரு காலத்தில் வயல் கொள்ளாத கூட்டம் வரும். இப்போது ஊர் மண்டபத்தில் முந்நூறு நாற்காலி, அதில் பாதி பேர் இடுப்புவலிக்காரர்கள். வேன் ஓட்டுவது, பெட்டி இறக்குவது, மேடை கட்டுவது, கித்தார்களுக்குச் சுருதி சேர்ப்பது, எல்லாம் முடிந்ததும் மறுபடி ஏற்றுவது... எல்லாம் நான்தான். எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எந்த மண்டபத்துக்கு எத்தனை படி என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

வில்ஃப் டிரான்டர் எங்கள் பேஸ் கித்தார்க்காரன். எழுபத்தைந்து வயது. தடித்த கம்பி நாலு, அடித்தால் காதைவிட வயிற்றில்தான் முதலில் கேட்கும், அந்தக் கித்தார். ஐம்பது வருஷத்தில் அவன் வாசித்தது மொத்தம் ஐந்து பேஸ். ஒவ்வொன்றையும் என் தோள் அறியும்.

முதலாவது 'பன்றி'. சிவப்புக் கட்டை. தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். வேன் கதவை உடைத்து எவனோ திருடிக்கொண்டு போனான். அவன் முதுகும் பிடித்திருக்கும் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன். இரண்டாவது 'கதவு'. இடித்துப்போட்ட தேவாலயத்தின் கதவுப் பலகையில் வில்ஃபின் மச்சான் செய்து கொடுத்தது. மழைக்கு உப்பும், வெயிலுக்கு முனகும், ஒரு குளிர்காலத்தில் இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது 'மாமியார்'. வெயிலில் காய்ந்த பழுப்பு நிறம், முப்பத்தெட்டு வருஷம் வாசித்தது. அந்தப் பெயர் ஏன் என்றால், யாருடைய சுருதி தப்பினாலும் அவளுடைய சுருதி தப்பாது. கடைசியில் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகும். நாலாவது 'மொட்டை'. கழுத்தில் கட்டம் பிரிக்கிற உலோகப் பட்டைகளே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். ஐந்தாவது 'புதுசு'. வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் குழுவில் அது புதுசுதான். எங்கள் டிரம்மர் வந்து முப்பது வருஷம் ஆகிறது, தலையில் ஒரு மயிர் இல்லை, அவனை இன்னும் 'புதுப்பையன்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

இந்த ஐந்திலும் ஒரு பொதுவான அடையாளம் இருந்தது. கித்தார் உடம்பில் கழுத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கிற மேல்பக்கத்துக் கொம்பில் பல் தழும்பு.

காரணம் சொல்கிறேன். பேஸ் கித்தாரை மின்சாரத்தில் மாட்டாமல் வாசித்தால் சத்தமே வராது. கூடத்தில் ஜனங்கள் இரைகிறபோது மேடை ஓரத்தில் நின்று சுருதி சேர்க்க முடியாது. அதற்கு வில்ஃப் ஒரு வழி வைத்திருந்தான். கித்தாரின் கொம்பைப் பல்லால் கவ்விக்கொள்வான். கம்பியைத் தட்டினால் கட்டை அதிரும். கட்டையிலிருந்து பல், பல்லிலிருந்து தாடை, தாடையிலிருந்து மண்டைக்குள். பக்கத்தில் குண்டு வெடித்தாலும் உள்ளே சுருதி தெளிவாகக் கேட்கும். எனக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். பிறகு சுருதி காட்டும் பெட்டிகள் வந்தன. அதில் எழுத்து வரும். ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு எழுத்து தெரியாது. அதனால் பல்தான் என் பெட்டி. எழுத்துப் படித்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஹார்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஹார்வி எங்கள் பழைய டிரம்மர். குள்ளம். சேட்டைக்காரன். வில்ஃப் கொம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும்போது பூனை மாதிரிப் பின்னால் வருவான். குனிந்து, கித்தாரின் முதுகுக் கட்டையில் உதட்டை ஒட்டவைத்து, வாயில் வரக்கூடாத ஜோக் ஒன்று சொல்லுவான். கட்டை வழியாக அது வில்ஃபின் பல்லுக்கு மட்டும் போகும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. வில்ஃப் கவ்வின வாயோடு சிரிப்பான். பல் மரத்தில் பதியும். மாமியாரின் கொம்பில் உள்ள ஆழமான தழும்பெல்லாம் ஹார்வியின் ஜோக்குகள்தான். எனக்கும் செய்வான். சொல்லி முடித்ததும் கட்டைக்குள்ளேயே கேட்பான்: "கேட்டுச்சாடா?"

இன்னொரு வழக்கமும் அவனுக்கு உண்டு. பாட்டு ஆரம்பிக்க டிரம்மர் எண்ண வேண்டும். எல்லா டிரம்மரும் நாலு வரை எண்ணுவார்கள். ஹார்வி மூன்றோடு வாயை மூடிவிடுவான். ஒன்... டூ... த்ரீ... நாலாவதுக்குக் குச்சியால் ஒரே தட்டு. டக். அந்தத் தட்டில் எல்லோரும் உள்ளே விழுந்துவிட வேண்டும். "நாலுன்னு வேற சொல்லி வாய வலிச்சுக்கணுமா?" என்பான். நாலு என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு நிகழ்ச்சிக்கு முன், மேடைக்குப் பின்னால் டிரம் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே ஹார்வி செத்துப்போனான். மாரடைப்பு. டீ கொண்டுபோன நான்தான் முதலில் பார்த்தேன். கையில் குச்சி இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன டிசம்பரில் எங்கள் கடைசிச் சுற்று. அதற்கு முன் இரண்டு வருஷம் குழு ஓய்வில் இருந்தது. உடம்புகள் தாங்கவில்லை. பாடகி க்வெண்டாதான், "நாலே நாலு ஊர், அதோட மூட்டையக் கட்டிரலாம்" என்றாள். அவளை நாங்கள் மகாராணி என்போம். சொன்னால் மறுப்பு இல்லை. கடைசி ஊர் லூத். வில்ஃப் பிறந்த ஊர். அவன் மகள் ஹேஸல் அங்கேதான் இருக்கிறாள். அம்மா சாகக் கிடந்தபோது அப்பா மேடையில் இருந்தார் என்ற கோபத்தில் பதினைந்து வருஷமாக ஒரு நிகழ்ச்சிக்கும் வராதவள், இந்த முறை வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வில்ஃப் அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் வேனில் ஏறினான். எனக்குத் தெரியும்.

முதல் ஊர் ஸ்லீஃபோர்ட்.

இது நள்ளிரவுக் கதை இல்லை. எங்கள் பக்கம் டிசம்பரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இருட்டிவிடும். அந்த நேரம்தான். மண்டபத்தில் ஹீட்டர் போடவில்லை. மேடையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. நான் மட்டும். மற்றவர்கள் முன்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியாரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ராத்திரி முழுவதும் வேனில் கிடந்த கித்தார். கம்பிகள் விரலைக் கடிக்கிற குளிர்ச்சியில் இருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தன.

இப்போதுதான் யாரோ வாசித்துவிட்டு வைத்த மாதிரி. கொம்பைப் பார்த்தேன். தழும்பின்மேல் ஈரம். பளபளவென்று எச்சில். சரி, வில்ஃப் முன்னாலேயே எடுத்துப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் கவ்வினேன். மேல்கம்பியைத் தட்டினேன். சுருதி சரியாக இருந்தது. அதிர்வு மெதுவாக அடங்கியது. அடங்கி, ஒன்றும் இல்லாமல் ஆனபிறகு...

"ஒன்."

ஆண் குரல். காதில் இல்லை. தாடை எலும்பில். நிதானமாக, பாட்டு ஆரம்பிக்கிறவன் சொல்கிற மாதிரி.

வாயை எடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலிகள். எங்கோ தண்ணீர்க் குழாய் முனகியது. அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்க வேன் ஓட்டினவனுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கும்.

முன்கூடத்துக்குப் போனேன். வில்ஃப் பிஸ்கட்டை டீயில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச காலமாக அவனுக்குக் காது மந்தம்.

"வில்ஃப், மாமியாரத் தொட்டியா?"

"என்னாது?"

"மாமியாரு! மாமியாரத் தொட்டியான்னேன்!"

"யோவ், அந்தம்மா செத்து இருபது வருஷம் ஆச்சேய்யா!"

புதுப்பையன் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. க்வெண்டாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கெய்ன்ஸ்பரோ. மேடைக்குப் பின்பக்கம் செங்குத்தான படி. வில்ஃப் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. படிங்க எல்லாம் ஒவ்வொரு வருஷமும் வளருது."

சாயங்காலம் அதே நேரம். மாமியாரை எடுத்தேன். கம்பி வெதுவெதுப்பு. கொம்பில் ஈரம். இந்த முறை துடைத்துவிட்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வேலை முடிய வேண்டுமே என்று கவ்வினேன். கம்பியைத் தட்டவில்லை. சும்மா கவ்விக்கொண்டு நின்றேன்.

குழாய் முனகலா என்று பார்க்கத்தான்.

மேடையின் அந்தக் கோடியில் புதுப்பையனின் டிரம்கள் இருந்தன. சின்ன டிரம்மின் அடித்தோலில் சுருள் கம்பிகள் உண்டு. பக்கத்தில் யாராவது கனமான குரலில் பேசினால் அந்தக் கம்பிகள் கூடவே அதிரும். ஜ்ஜ்ஜ் என்று.

"டூ."

ஜ்ஜ்ஜ்.

என் பல்லில் குரல். அங்கே டிரம்மில் அதிர்வு. இரண்டும் ஒரே நொடியில்.

இந்தத் தடவை குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் கேட்காத குரல்தான். ஆனால் பல்லுக்குள் கேட்ட குரல் மறக்காது.

மேடைக்குக் கீழே க்வெண்டா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"க்ளெம், டிரம் ஏன் கத்துச்சு?"

"...உனக்குக் கேட்டுச்சா?"

"செவிடா நான்? அந்தப் புதுப்பையன்கிட்ட கம்பியத் தளத்தி வைக்கச் சொல்லு. கூசுது."

அவளுக்கு டிரம் கேட்டிருக்கிறது. குரல் கேட்கவில்லை.

அன்று நிகழ்ச்சி முடியும்வரை நான் மேடை ஓரத்தில் வில்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு விடுகிறான். ஹார்வி உட்கார்ந்திருந்த மாதிரியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹார்வி எண்ணுகிறான். யாரையோ உள்ளே வரச்சொல்லி எண்ணுகிறான். ஊருக்கு ஒன்று. ஹார்வி யாருக்காக எண்ணுவான்? பாட்டில் டிரம்மருக்கு ஜோடி பேஸ்காரன்தானே. பதினெட்டு வருஷம் ஒருத்தன் அடிக்கு ஒருத்தன் அடி வைத்தவர்கள்.

மூன்றாவது ஊர் ஹார்ன்காஸில். மாமியாரைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. "கழுத்துல விரிசல் மாதிரி இருக்கு, பாக்கணும்" என்று வில்ஃபிடம் பொய் சொன்னேன். அவன் அதிகம் கேட்கவில்லை. மொட்டையை எடுத்தேன். ஹார்வி செத்து ஆறு வருஷம் கழித்து வாங்கினது மொட்டை. அதில் அவன் உதடு பட்டதே இல்லை. அதில் எப்படி வருவான்?

கம்பியைத் தொட்டேன். பனிக்கட்டி. கொம்பு காய்ந்து கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

கவ்வினேன்.

மேல்கம்பி. சரி. இரண்டாவது கம்பி. சரி. மூன்றாவதைத் தட்டும்போது... விரலுக்குக் கீழே கம்பி சூடாக ஆரம்பித்தது.

மெல்ல.

யாரோ உள்ளங்கையால் மூடின மாதிரி.

வாயை எடுக்க நினைத்தேன். தாடை வரவில்லை. பயத்தில் இறுகிப்போயிருந்தது.

"த்ரீ."

பிறகு, கட்டைக்குள்ளே, மிக அருகில், சிரிப்பை அடக்கிக்கொண்டு...

"கேட்டுச்சாடா..."

அதற்குப் பின் ஒரு பெயர் வந்தது. பாதியில் வாயைப் பிடுங்கிக்கொண்டேன். உதடு கிழிந்துவிட்டது. பெயர் என் பல்லுக்குக் கிடைக்கவில்லை. வில்ஃப் என்றுதான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று எண்ணியாகிவிட்டது. மீதி ஒரே ஒரு தட்டு. மீதி ஒரே ஒரு ஊர்.

மறுநாள் காலை லூத் போகிற வழியில் சாலையோரக் கடையில் நிறுத்தினேன். மற்றவர்கள் வேறு காரில் முன்னால் போய்விட்டார்கள். நான் முட்டையும் பன்றிக்கறியும் வாங்கினேன். வில்ஃப் மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணிக் கூழும் வாங்கினான். நாலு நாளாக அதே சாப்பாடு. கெட்டியாக எதையும் தொடவில்லை. உடம்பு முடியாதவன் சாப்பாடு என்று என் மனது சொன்னது.

"வில்ஃப், இன்னைக்கு நீ வாசிக்க வேண்டாம்யா."

"ஏன், நீ வாசிக்கப் போறியா?"

"வெளையாடல. உனக்கு மூச்சு வாங்குது."

"எழுபத்தஞ்சுல மூச்சு வாங்கலன்னாத்தான் பயப்படணும்."

"யோவ்... ஹார்வி எண்ணுறான்யா."

கரண்டி நின்றது. அவன் காதில் சரியாக விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பிச் சூடு, டிரம் அதிர்ந்தது, ஒன், டூ, த்ரீ. அவன் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராக்டர் சேற்றில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் அவசர அவசரமாத்தான் எண்ணுறானா?"

"இல்ல. நிதானமா."

"பரவால்ல. கத்துக்கிட்டான்."

"வில்ஃப், நான் சொல்றத..."

"க்ளெம். என் பொண்ணு மூணாவது வரிசைல உக்காருவா. பதினஞ்சு வருஷம் ஆச்சுய்யா. எண்ணி முடிச்சான்னா உள்ள வந்துதானே ஆகணும்? வாசிச்சிட்டே வர்றேன்னு சொல்லு அவன்கிட்ட." தட்டைத் தள்ளினான். "வண்டிய எடு. கால் ஜில்லுன்னு இருக்கு."

லூத் மண்டபத்தில் க்வெண்டாவிடம் போய் நின்றேன். வில்ஃபுக்கு உடம்பு சரியில்லை, இன்று ஓய்வு கொடு என்றேன். அவள் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"க்ளெம் கண்ணு, இன்னைக்கு அவன மேடையிலேருந்து எறக்கணும்னா நீயே போய்ச் சொல்லு. எனக்குத் தைரியம் கெடையாது."

எனக்கும் கிடையாது.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மூன்று கித்தார்களையும் எடுத்து வைத்தேன். கொம்புகளில் கம்பளித் துணியைச் சுற்றி, மேலே ஒட்டும் பட்டையை இறுக்கி ஒட்டினேன். என் பல்லும் படக்கூடாது, வில்ஃபின் பல்லும் படக்கூடாது. சுருதி காட்டும் பெட்டியை எடுத்து, எழுத்தைப் படித்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தேன். கம்பிகள் மூன்று கித்தாரிலும் சூடாக இருந்தன. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வில்ஃப் வந்து பார்த்தான்.

"என்னய்யா, எல்லாத்துக்கும் மஃப்ளர் கட்டி விட்டிருக்க? சளி புடிச்சிருக்கா?"

"அப்படியே இருக்கட்டும். கழட்டாத."

"சரிடாப்பா."

மாமியாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

நிகழ்ச்சி முழுவதும் நான் நின்றுகொண்டே இருந்தேன். முழங்கால் கெஞ்சியது. உட்காரவில்லை. புதுப்பையன் ஒவ்வொரு பாட்டுக்கும் எண்ணும்போது என் நகம் உள்ளங்கையில் இறங்கியது.

ஒன். டூ. த்ரீ. ஃபோர்.

பாட்டு.

ஒன். டூ. த்ரீ. ஃபோர்.

பாட்டு.

மூன்றாவது வரிசையில் ஹேஸல். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பாதியில் கையை அவிழ்த்தாள். கடைசிக்கு முந்தின பாட்டில் அழுதாள்.

கடைசிப் பாட்டு.

புதுப்பையன் குச்சியைத் தூக்கினான்.

ஒன்.

டூ.

த்ரீ...

கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஃபோர்!"

வில்ஃபின் கம்பி என் வயிற்றில் இடித்தது. சரியான இடத்தில், சரியான நேரத்தில். இளவயதில் வாசித்த மாதிரி வாசித்தான். முடித்தான். குனிந்து வணங்கினான். தன் காலில் நடந்து மேடையை விட்டு வந்தான். ஹேஸல் பின்பக்கம் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். எத்தனை வருஷக் களைப்பு என்று தெரியவில்லை, அத்தனையும் அப்போது இறங்கியது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லோரும் போனபிறகு வில்ஃபும் நானும் பின்னறையில் இருந்தோம். ஹேஸல், இறைச்சியை உள்ளே வைத்து மேலே மாவு மூடி வீட்டில் சுட்ட பலகாரம் ஒன்றை வைத்துவிட்டுக் காரை எடுத்துவரப் போயிருந்தாள். மேல்மாவு கெட்டியாக, நல்ல பலகாரம். வில்ஃப் அதை ஏக்கமாகப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு கைக்குட்டையை எடுத்து, வாயில் கையை விட்டு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி மடியில் வைத்தான்.

முழு வரிசை. இளஞ்சிவப்பு ஈறோடு.

கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. மாவுக்கு உள்ளே இருந்த இறைச்சியை மட்டும் விரலால் தோண்டிச் சப்ப ஆரம்பித்தான்.

"என்னய்யா பாக்கற? நாம சும்மா இருந்தமே ரெண்டு வருஷம், அப்பப் புடுங்கினது. ஒண்ணு விடாம. மேடைல நிக்கறவன் பொக்கவாயோட நிக்க முடியுமா? அதான் யார்ட்டயும் சொல்லல."

அவன் மடியில் கிடந்த பல்லையும் மாமியாரின் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்ப... கொம்பு... நீ கவ்விப் பாக்கறதில்லையா?"

"எதால? பொய்ப்பல்லுல எதுவும் கேக்காதுய்யா. மோதிக் கடகடங்கும், அவ்வளவுதான். இந்தச் சுத்து பூரா நான் கொம்பத் தொடவேயில்ல. மாமியார் ஈரமா இருக்கும்போதெல்லாம் நீதான்னு நெனச்சேன்." இறைச்சியை விழுங்கிவிட்டு, சாதாரணமாகச் சொன்னான். "இந்தக் குழுவுல இப்பப் பல்லால கேக்கறவன் நீ ஒருத்தன்தான்."

வெளியே ஹேஸலின் கார் சத்தம் கேட்டது. வில்ஃப் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டான். எழுந்தான். மாமியாரின் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"இவள நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேலையில்ல. நாப்பத்தாறு வருஷம் தூக்கினவன் நீ. மாட்டேன்னு சொன்ன, கோவம் வந்துரும்."

பெட்டியைத் தூக்கும்போதுதான் புரிந்தது, மூன்றாவது ஊரில் நான் பாதியில் விட்ட பெயர் வில்ஃப் இல்லை.

அவன் நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேஸல் வீட்டிலிருந்து போன் செய்கிறான். மூச்சு வாங்குவதுகூடக் குறைந்துவிட்டதாம். பேத்திக்குக் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறானாம்.

நான் பல் மருத்துவரிடம் போனேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அந்தப் பெண் விளக்கை வாயில் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு இந்தப் பல்லு வைரம் மாதிரி. இதப் போய் யாராவது புடுங்குவாங்களா?" என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

மரத்தில் பல் படாமல் பார்த்துக்கொள்கிறேன். எழுத்து யோசிக்கும்போது பென்சிலைக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எழுதப் படித்த நாளில் வந்தது. அதனால் இதைப் பேனாவில் எழுதுகிறேன். தூங்கும்போது கட்டிலின் தலைப்பலகையில் முகம் படாமல் இருக்க, கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

மாமியார் மூலையில் நிற்கிறாள், கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். துணியை நான் அவிழ்க்கவில்லை.

நேற்றுக் காலை எழுந்தபோது துணி தரையில் கிடந்தது.

கம்பியைத் தொட்டேன்.

வெதுவெதுப்பு...

கொம்பில் ஈரம்.

மறுபடி துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று எண்ணியாகிவிட்டது.

நாலாவது தட்டுதான். ஹார்வி ஒருபோதும் நாலு சொன்னதில்லை.